சானடோரியம் வாசலில் கேட்கப்பட்ட சான்றிதழ்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கிற நிலையத்துக்கு ஒரு மருத்துவமனையால் வந்த பெயர்: தாம்பரம் சானடோரியம். தினமும் அந்த வழியாகப் போய் வருபவர்களுக்கு அது ஓர் ஊர்ப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது. பழைய ஆட்கள் இன்றும் 'டி.பி. ஆஸ்பத்திரி' என்பார்கள். பெயர்ப் பலகையில் இருப்பது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

2008 ஜனவரியில் இந்த மருத்துவமனையில் ஒரு புதிய சிகிச்சை தொடங்கியது. எச்.ஐ.வி. தொற்றுக்கு முதலில் தரப்படும் கூட்டு மருந்து சிலருக்குச் சில ஆண்டுகளில் வேலை செய்யாமல் போகும். அவர்களுக்குத் தரவேண்டியது இரண்டாம் நிலை மருந்து. விலை முதல்நிலை மருந்தைவிடப் பல மடங்கு. அதை அரசுச் செலவில் தர நாடு முழுவதிலும் அன்று தேர்ந்தெடுக்கப்பட்டவை இரண்டே மருத்துவமனைகள். ஒன்று மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. இன்னொன்று நம் சானடோரியம்.

ஆனால் எல்லோருக்கும் கிடையாது என்றது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர், கணவரை இழந்த பெண், குழந்தை, அல்லது அரசு மையத்திலேயே இரண்டு ஆண்டுகளாவது முதல்நிலை மருந்து சாப்பிட்டவர். இந்த வரிசைக்குள் வராதவர்களுக்கு மருந்து இல்லை. தனியாரிடம் காசு கொடுத்து மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் பலர் அப்படித்தான் வெளியே நின்றார்கள்.

காசு இருந்ததால்தானே தனியாரிடம் போனார்கள், அவர்களுக்கு எதற்கு அரசு மருந்து என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இந்தக் கட்டுரையின் சாரம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

12 படுக்கையில் தொடங்கியது

சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சவுரி முத்து. இங்கிலாந்தின் மென்டிப் மலைப் பகுதியில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே நோயுற்றிருந்தபோது அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. தாம்பரத்தில் 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1937-ல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது.

அரசு எடுத்துக்கொண்டதன் அருமை பிறகுதான் தெரிந்தது. காசநோய் யாரைப் பிடிக்கும் என்பது சேரியில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லாத செய்தி. சன்னல் இல்லாத அறை, ஒரே அறையில் எட்டுப் பேர், அரை வயிறு, தோல் பதனிடும் இடத்திலும் கல் குவாரியிலும் வேலை. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தோல் தொழிலுக்குப் பெயர்போன ஊர்கள். திரிசூலம் பக்கம் கல் உடைத்தவர்கள் இருந்தார்கள். இவர்கள் மாதக்கணக்கில் மலைக்காற்று வாங்கப் போகமுடியுமா?

இதற்கு விடை தேடிய ஆராய்ச்சியும் நம் நகரத்தில்தான் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல உணவு, ஓய்வு. இன்னொரு பிரிவுக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து. 1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. மருந்து தவறாமல் கையில் கிடைத்தால் ஏழையின் வீட்டிலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அது. உலக நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் இதைப் பார்த்து மாறின. சென்னைச் சேரி மக்களின் உடம்பு கொடுத்த பாடம் என்று நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு வரியாவது போடலாம்.

மருந்து தவறாமல் கையில் கிடைத்தால் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய நிபந்தனை. யார் காசில் கிடைக்கும்? காசநோயில் அந்தக் கேள்விக்கு அரசு பதில் சொல்லிவிட்டது; மருந்து இலவசம். எச்.ஐ.வி.யில் அந்தப் பதிலைப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

தொட மறுத்தவர்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலாவும் செய்த வேலை. அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகள் வரத் தொடங்கியபோது பல மருத்துவமனைகளின் கதவு சாத்தப்பட்டது. தொட மறுத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிக் கட்டில், மூலையில் ஓர் இடம். பிணத்தைக் குளிப்பாட்டக்கூட ஆள் வராத நிலை.

வாசகர்களுக்கு இந்தப் பட்டியல் எங்கேயோ கேட்டதாக இருக்கும். தனி டம்ளரைப் பற்றி நாம் நூறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சாதித் தீண்டாமையும் நோய்த் தீண்டாமையும் ஒன்றல்லதான். நோய் எல்லாச் சாதியிலும் வந்தது. ஆனாலும் ஒரு மனிதரை எப்படி ஒதுக்கிவைப்பது என்று இந்தச் சமூகம் யாரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கிறது.

சானடோரியம் 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தே வருவதால் அவர்கள் வந்து சேரவேண்டிய இடமும் அதுவாகவே இருந்தது. ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ரயிலேறி வந்தார்கள். நாட்டிலேயே எச்.ஐ.வி. நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனைகளில் ஒன்றாக அது மாறியது. அந்த வார்டுகளைக் கூட்டிக் கழுவி, வாந்தி எடுத்த துணியை அலசி, படுக்கையில் கிடந்தவர்களைத் தூக்கித் திருப்பிப் போட்ட கடைநிலை ஊழியர்கள் யார், எந்தக் குடியிருப்புகளிலிருந்து வந்தார்கள் என்று எழுத வேண்டியதில்லை. தொட மறுத்த காலத்தில் முதலில் தொட்ட கைகளில் அவர்களுடைய கைகள் உண்டு. மருத்துவர்களுக்கு விருது கிடைத்தது, கிடைக்கட்டும். இவர்களுக்குக் கையுறை கிடைக்கவே நாளானது.

அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் சித்த மருந்துகளை எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றும் சேர்ந்த சிகிச்சை. கூட்டு மருந்து ஏழைக்கு எட்டாத காலத்தில் கையில் இருந்ததைக் கொண்டு செய்த முயற்சி அது. சாவு எண்ணிக்கையைக் குறைத்தது பிற்பாடு வந்த கூட்டு மருந்துதான், அதில் ஐயமில்லை. ஆனால் 'இங்கே ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்' என்று சொல்லாமல் கட்டில் கொடுத்தது அந்த வார்டு.

ஒரு டாலர் தூரம்

கூட்டு மருந்து 1996 வாக்கிலேயே மேலை நாடுகளில் வந்துவிட்டது. ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உலகம் வியந்தது. டாலருக்கு அன்று 46 ரூபாய்க்கு மேல். தாம்பரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கு, வாழ்நாள் முழுக்க, தினமும் அது முடிகிற செலவா?

சென்னையில் அப்போது இரண்டு அமைப்புகள் உருவாகியிருந்தன. எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் 1997-ல் சேர்ந்து தொடங்கிய இந்திய வலையமைப்பு ஒன்று. 1998-ல் பெண்கள் தனியே தொடங்கிய பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பு மற்றொன்று. இரண்டாவதை நிறுவியவர்களில் ஒருவரான கௌசல்யா நாமக்கல்லைச் சேர்ந்தவர். தனக்குத் தொற்று இருப்பதைத் தமிழ்நாட்டில் வெளிப்படையாகச் சொன்ன முதல் பெண்களில் ஒருவர். கணவன் மூலம் தொற்று வந்து, அவன் செத்த பிறகு மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண்களின் கதையைப் பொது மேடையில் பேசியது அந்த அமைப்பு. எங்களுக்கு இரக்கம் வேண்டாம், மருந்து வேண்டும், சொத்தில் பங்கு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

முதல் வலையமைப்பின் தலைவராக இருந்த அசோக் பிள்ளை கடற்படையில் வேலை பார்த்தவர். 2002-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 30-ம் தேதி, உலக எய்ட்ஸ் நாளுக்கு முதல் நாள், அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் கூட்டு மருந்து இலவசமாகத் தரப்படும் என்று அறிவித்தார். 2004 ஏப்ரல் 1-ல் எட்டு மையங்களில் திட்டம் தொடங்கியது. சானடோரியம் அவற்றில் ஒன்று.

அறிவிப்பு வானத்திலிருந்து விழவில்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. தெருவில் வலையமைப்புகள் இருந்தன. இந்தியக் கம்பெனிகள் மலிவாகச் செய்துகாட்டியதால் 'முடியாது' என்று அரசு சொல்ல முடியாமல் போனது. அந்த மலிவு விலையைக் காப்பாற்றவும் இவர்கள்தான் நின்றார்கள். 2006 மார்ச்சில் ஒரு கூட்டு மாத்திரைக்கு வெளிநாட்டு நிறுவனம் கேட்ட காப்புரிமையை எதிர்த்து இந்திய வலையமைப்பும் மணிப்பூர் வலையமைப்பும் மனுப் போட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவுகளைப் படித்து வாதாடிய காலம் அது.

வறுமைக்கு அத்தாட்சி

இப்போது 2008-க்கு வருவோம். தனியாரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள் யார்? 2004-க்கு முன்னால் அரசு மருந்தே இல்லை. உயிர் பிழைக்க நினைத்தவர்கள் தாலியை விற்றார்கள், பட்டா நிலத்தை அடமானம் வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். மூன்று மாதம் சாப்பிடுவார்கள். காசு தீரும், மருந்து நிற்கும். மறுபடி கடன் கிடைத்தால் மறுபடி மருந்து. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இரண்டாம் நிலை மருந்து தேவைப்பட்டதே பலருக்கு இதனால்தான். அதாவது, அரசு மருந்து தராத காலத்தில் கடன்பட்டு வாங்கியதால் அவர்கள் நோய் முற்றியது. கடன்பட்டு வாங்கினார்கள் என்பதாலேயே அரசு மருந்து மறுக்கப்பட்டது.

வறுமைக் கோட்டுக்குக் கீழே என்ற நிபந்தனையும் அப்படியே. அதற்கு அட்டை வேண்டும். கணவனோடு சண்டையிட்டுப் பிரிந்து வந்த பெண்ணுக்கு அவள் பெயரில் அட்டை இருக்காது. புறம்போக்கில் குடியிருப்பவருக்கு முகவரிச் சான்று இருக்காது. ஊரில் தொற்று விஷயம் தெரிந்துவிடும் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போகப் பயந்தவர்கள் எத்தனை பேர். யாருக்காக அந்த வரம்பு போடப்பட்டதோ அவர்களையே அது முதலில் வெட்டியது.

டெல்லியிலும் சென்னையிலும் இருந்த வலையமைப்புகளும் வழக்கறிஞர்களும் உச்ச நீதிமன்றத்தில் இதை விடாமல் வாதாடினார்கள். 2010 டிசம்பரில், தேவைப்படும் எல்லோருக்கும் இரண்டாம் நிலை மருந்து தர மத்திய அரசு ஒப்புக்கொண்டது. எங்கே முதல் மருந்து வாங்கினாய், உன் வருமானம் என்ன என்ற கேள்விகள் போயின. கிருமியின் அளவு என்ன என்பது மட்டும் கேட்கப்பட்டது. ஒரு மருத்துவமனையில் கேட்கத் தகுந்த கேள்வி அது.

இருப்பதே கொஞ்சம், அதை ஏழைக்கு முதலில் கொடுப்பதுதானே நியாயம் என்று நேர்மையாகவே கேட்பவர்கள் உண்டு. இட ஒதுக்கீட்டைப் போற்றுகிற நாம் எல்லோருக்கும் என்று பேசலாமா என்றும் ஒரு நண்பர் கேட்டார். வேலையும் கல்லூரி இடமும் எண்ணிக்கையில் அடங்கியவை. ஒரு சாதிக்கூட்டம் அவற்றைக் காலம் காலமாக அடைத்து வைத்திருந்தது, அதை உடைக்க ஒதுக்கீடு வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து அப்படி இல்லை. பணக்காரன் வந்து வாங்கிக்கொண்டால் தீர்ந்துவிடாத அளவுக்கு வைத்திருக்க அரசால் முடியும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்புகிறது. அங்கே மாத்திரை வாங்க யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எல்லோரும் வருகிற இடத்தில்தான் கூச்சல் போடவும் ஆள் இருக்கும். சேரிக்காரர்கள் மட்டும் வருகிற மருத்துவமனையில் மின்விசிறி ஓடாவிட்டால் எந்த அதிகாரி கேட்கப்போகிறார்?

போராட்டம் அதோடு முடியவில்லை. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆனால் சிகிச்சை தரும் கடமையைப் பற்றிப் பேசும் பிரிவில் 'இயன்றவரை' என்று ஒரு சொல் நுழைந்துவிட்டது. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி வலையமைப்புகள் அன்றே கண்டித்தன. எடுக்கவில்லை. 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலிலேயே நோயாளிகள் ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார வேண்டியிருந்தது.

பெயர்ப் பலகையில் ஒரு பண்டிதர்

சானடோரியம் பகுதியிலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அதன் மருத்துவமனையின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. வாசலில் சீட்டு வாங்க நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு விஷயம்.

1845-ல் பிறந்து 1914-ல் மறைந்த பண்டிதர் சித்த வைத்தியர். 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலை பெயரிலேயே இருந்தது. அறிவு கடைசி ஆளுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தவர் விலையைத்தான் முதலில் யோசித்திருக்கிறார் என்பது என் ஊகம். பறையர்களுக்கு வைத்தியம் தெரியும், சோதிடம் தெரியும், இலக்கணம் தெரியும் என்று சொல்லவே அன்றைக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. இன்று அவர் பெயரிட்ட கட்டடத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் வரிசையில் நின்று நாடி பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்றைய கணக்கு

2025 ஆகஸ்டில் சானடோரியத்தில் செங்கல்பட்டு மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் புதிய கட்டடத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். 400 படுக்கைகள். ஜி.எஸ்.டி. சாலை விபத்துகளுக்கும் பிரசவத்துக்கும் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையையே நம்பியிருந்த தென்புறநகர் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இது. கட்டடம் வந்துவிட்டது, மகிழ்ச்சி. கட்டடம் மருத்துவம் பார்க்காது என்பதால் செவிலியர் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், இரவில் எத்தனை மருத்துவர்கள் என்று இனிக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

கேட்டால் 'அதுதான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே' என்கிறார்கள். 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இருதய அறுவை சிகிச்சைக்கு, டயாலிசிசுக்கு இதனால் பிழைத்தவர்களை நமக்கு நேரிலேயே தெரியும். குறை சொல்லும் எண்ணமில்லை. ஆனால் தகுதி என்ன? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். முன்பு 72,000 ஆக இருந்தது; 2022-ல் உயர்த்தினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத்துக்கு 10,000 ரூபாய். கணவன் கட்டட வேலை, மனைவி அடுக்ககத்தில் வீட்டு வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய், மாதத்தில் 20 நாள் வேலை என்று வைத்தால் இருவருக்கும் 16,000. ஆண்டுக்கு 1,92,000. உண்மையைச் சொன்னால் அட்டை இல்லை. பொய் சொன்னால் உண்டு. ஏழை தன் உழைப்பைக் குறைத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் மருத்துவம் என்ற ஏற்பாட்டில் 2008-ன் அதே சான்றிதழ் மறுபடி வந்து நிற்கிறது. அதை வாங்க ஒரு நாள், காப்பீட்டு மையத்துக்கு அலைய ஒரு நாள், இரண்டு நாள் கூலி போச்சு. இவ்வளவுக்குப் பிறகும் அட்டை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். தினமும் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் பொது மருத்துவமனைதான் கதி. வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் வந்தது. அதைக் கொண்டுவரும் பெண்களின் ஊதியம் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். சென்னையின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து குவிக்கப்பட்டவர்கள் இங்கே வாழ்கிறார்கள். கணிசமானோர் நம் மக்கள். நகருக்குள் இருந்தவரை சென்ட்ரலில் உள்ள பொது மருத்துவமனையும் கோஷா ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரம். அடுக்குமாடி கொடுத்தபோது மருத்துவமனையை 20, 30 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். வீட்டு வசதிக் கணக்கில் இந்தத் தூரத்துக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து வந்த பிறகு ஒரு வழியில் விடிவு. அந்தப் பேருந்தையும் ஒரு சுகாதாரத் திட்டமாகவே நான் எண்ணுகிறேன்.

துப்புரவுத் தொழிலாளர்கள் கதை இன்னொன்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. குப்பை வேலையில் ஒப்பந்த முறை நிலைத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் சென்னைத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்ததும் கைது செய்யப்பட்டதும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் தொழிலாளியின் மருத்துவப் பாதுகாப்பும் அறுந்துபோகிறது. வைஸ்ராய் நிர்வாக சபையில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில் அடார்கர் அறிக்கை 1944-ல் தயாரானது. அதன் அடியொற்றி 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வந்த அந்தப் பாதுகாப்பை உள்ளாட்சி ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் விரிக்கச் சொல்லி மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிவுறுத்தியது 2021 ஜூனில். இடையில் 73 ஆண்டுகள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளியிடம் பிடிக்கவேண்டிய பங்கு 0.75 விழுக்காடு, முதலாளி கட்டவேண்டியது 3.25 விழுக்காடு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அம்மாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிடித்தம் இருக்கிறதா, ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, அந்த எண்ணில் பணம் கட்டப்பட்டிருக்கிறதா?

பணம் எங்கே என்பார்கள். 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி, கொரோனா ஆண்டிலேயே அது 1.84 விழுக்காடு. மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்தது. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கவேண்டும் என்றும் அதே கொள்கை சொன்னது. தமிழ்நாடு 2025-26-ல் சுகாதாரத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. பெரிய தொகைதான், மற்ற பல மாநிலங்களைவிட நாம் மேல்தான். இருந்தாலும் பட்ஜெட்டில் அது 5 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. நலவாழ்வு உரிமைக்கென்று முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் 2023-ல் ராஜஸ்தான். தமிழ்நாட்டுக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்கவேண்டும்.

தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று 2018-ல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை சொன்னது. 39.5 வயது, 54.1 வயது. நம் தெருவில் நாற்பதைத் தாண்டாமல் போன அத்தைகளையும் அக்காக்களையும் எண்ணிப் பார்த்தால் அந்த அறிக்கை புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ல் ஊராட்சிகளில் கிராம சபையும் மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபையும் கூடவேண்டும். பெரும்பாக்கம் ஊராட்சி; தாம்பரம் மாநகராட்சி. குடிநீர், தெருவிளக்கு பற்றி நிறையப் பேர் பேசுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் மாலை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் அங்கே யார் இருப்பார்கள், சானடோரியம் தலைமை மருத்துவமனைக்கு மேடவாக்கம் வழியாக நேர்ப் பேருந்து எப்போது விடப்படும் என்று மூன்று கேள்விகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதும் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.